ஆங்கில வசவு பிரெஞ்சில் படும் பாடு



மொழிபெயர்ப்பு பற்றிப் பேச ஒருவரை அழைத்தால் அவர் கவிதையைப் பற்றியோ காப்பியத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எதிர்பார்ப்பார்கள். நான் வசவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது அவைக்கு ஆகாத பொருள் என்று யாரும் நெளிய வேண்டாம். நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாக வகுத்தார். மங்கலத்தை விட்டுவிடுங்கள், மற்ற இரண்டும் இன்றைய பேச்சுக்கு அப்படியே வேண்டும். ஒரு கூட்டத்தார் தமக்குள் புழங்கும் சொல் குழூஉக்குறி. அவையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். லண்டன் துறைமுகத்திலும் நியூயார்க் சந்துகளிலும் குழூஉக்குறியாகப் பிறக்கும் ஆங்கில வசவு, பாரிஸில் அச்சேறும்போது பல நேரம் இடக்கரடக்கலாக உடை மாற்றிக்கொள்கிறது. நடுவில் நிற்பவர் மொழிபெயர்ப்பாளர்.

சில சொற்களை பிரெஞ்சு ஒலியிலேயே சொல்லிச் செல்வேன். அவற்றின் பொருளைத் தமிழில் சொன்னால் முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். பிரெஞ்சில் சொன்னால் ஏதோ வாசனைத் திரவியத்தின் பெயர் என்று நினைத்து உட்கார்ந்திருப்பீர்கள். அந்நிய மொழியின் கெட்ட வார்த்தை நம் காதில் சுடுவதில்லை. இந்தத் தொழிலின் முதல் சங்கடமே அதுதான். அகராதியைப் பார்த்துப் பொருளைத் தெரிந்துகொள்ளலாம். சூட்டைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

வசவுக்கு இலக்கணம் சொன்னவற்றில் எனக்குப் பிடித்தது பிரெஞ்சுச் சட்டம். 1881 ஜூலை 29ஆம் நாள் இயற்றிய பத்திரிகைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு அவதூறையும் வசவையும் பிரித்துக் காட்டுகிறது. ஒருவர்மீது குறிப்பிட்ட செயல் ஒன்றைச் சுமத்தி அவர் மானத்தைக் குலைத்தால் அது அவதூறு. எந்தச் செயலையும் சுமத்தாமல் வெறுமனே இழிவுபடுத்தினால் அது வசவு. ‘நீ கருவூலத்தில் கையாடினாய்’ என்பது அவதூறு. ‘திருட்டுப் பயலே’ என்பது வசவு. அதாவது வசவுக்குள் தகவல் எதுவும் கிடையாது. மொழிபெயர்ப்பாளர் இந்தப் பிரிவை எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். தகவல் இல்லாத சொல்லில் தகவலைத் தேடிக் கிளம்புவதால்தான் பாதி வசவு மொழிபெயர்ப்புகள் கெடுகின்றன. ஒருவனை நாய்க்குப் பிறந்தவன் என்று ஆங்கிலேயன் திட்டினால் அதில் நாயும் இல்லை, பிறப்பும் இல்லை. கோபம் இருக்கிறது. யார், யாரை, எவர் முன்னிலையில், எவ்வளவு கோபத்தோடு என்பது இருக்கிறது. கடல் தாண்டிப் போக வேண்டியது அந்த அளவுதான்.

பிரெஞ்சுக்காரர்களுக்கு ஆங்கில வசவோடு பழைய உறவு உண்டு. நூறாண்டுப் போர்க் காலத்தில் ஆங்கிலப் படையாளை அவர்கள் ‘கொதோன்’ என்று அழைத்தார்கள். அவன் வாயில் ஓயாமல் புரண்ட ‘காட் டாம்’தான் அந்தப் பெயருக்கு மூலம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். ஒரு நாட்டாரை அவர்களுடைய வசவாலேயே பெயரிட்டு அழைத்திருக்கிறார்கள்! 1784இல் பாரிஸ் மேடையேறிய போமார்ஷேயின் ‘ஃபிகாரோவின் திருமணம்’ நாடகத்தில் ஃபிகாரோ இந்தச் சொல்லை வைத்து ஒரு முழுப் பேச்சே பேசுகிறான். கோழி வேண்டுமா, மது வேண்டுமா, பெண்ணோடு பேச வேண்டுமா, இங்கிலாந்தில் இந்த ஒரு சொல் போதும் என்பது அவன் கட்சி. ஆங்கிலேயர்களும் சும்மா இருக்கவில்லை. கெட்ட வார்த்தை பேசிவிட்டு ‘என் பிரெஞ்சை மன்னியுங்கள்’ என்று சொல்வது இன்றும் அவர்கள் வழக்கம். வாய்க்கொழுப்பு எப்போதும் ஆங்கிலக் கால்வாய்க்கு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதில் இரு தரப்பாருக்கும் முழு உடன்பாடு.

ஆனால் நாடக மேடையில் பிரெஞ்சுக்காரர்கள் ஆசாரம் பார்த்தார்கள். ஷேக்ஸ்பியரைப் பிரெஞ்சு மேடைக்குக் கொண்டுவந்த துசீஸுக்கு ஆங்கிலமே தெரியாது. வேறொருவர் செய்த மொழிபெயர்ப்பைப் பார்த்து எழுதினார். 1792இல் அவர் போட்ட ‘ஒத்தெல்லோ’வில் கைக்குட்டை இல்லை. கைக்குட்டை என்ற சொல் துன்பியல் நாடகத்துக்குத் தாழ்ந்தது என்பதால் அந்த இடத்தில் வைரம் பதித்த தலைப்பட்டி ஒன்று வந்தது. 1829இல் ஆல்ஃப்ரெத் த வீன்யீ தம் மொழிபெயர்ப்பில் கைக்குட்டையைக் கைக்குட்டை என்றே சொல்ல வைத்தபோது அரங்கில் சலசலப்பு எழுந்தது. மூக்குத் துடைக்கும் துணிக்கே இந்தப் பாடு என்றால் ‘லியர் அரசன்’ நாடகத்தில் கென்ட் பிரபு, வேலைக்காரன் ஆஸ்வால்டைப் பொரிந்து தள்ளும் இடம் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சட்டம் சொன்ன இலக்கணம் அங்கே சற்று ஆட்டம் காண்கிறது. கென்டின் வசவுகளில் ஒரு பகுதி ஆடைக் கணக்கு: வருடத்துக்கு மூன்று உடுப்பு கூலியாகப் பெறுபவன், பட்டுக்குப் பதில் கம்பளிக் காலுறை போடுபவன் என்றெல்லாம் வருகிறது. வேலைக்காரனின் சம்பள ஏற்பாடு அப்படியே வசவாகியிருக்கிறது. அதே நாடகத்தில் இன்னோரிடத்தில் கென்ட் அவனைக் கால்பந்து ஆடுபவன் என்று திட்டுகிறான். 1600களின் தொடக்கத்தில் கால்பந்து தெருப்பயல்களின் ஆட்டம். டென்னிஸ் கனவான்களின் ஆட்டம். 1998இலும் 2018இலும் உலகக் கோப்பை வென்று ஷான்செலிசே வீதியை நிறைத்த நாட்டு மக்களிடம் இந்த வசவை நேராகச் சொன்னால் யாருக்கு உறைக்கும்? தகவல் தெரிந்தால்தான் இந்த வசவு சுடும். அடிக்குறிப்புப் போட்டால் தகவல் வரும், சூடு போய்விடும். அடிக்குறிப்போடு திட்டு வாங்கியவன் எவனும் இல்லை. தகவலைத் துறந்து, இன்று அதே அளவு இளக்காரம் தரும் வேறொரு சொல்லைப் போடுவதே சரி என்பது என் கட்சி. புலவர்கள் சிலர் கோபிப்பார்கள்.

ஒரு வயிற்றில் பிறந்து இரு கரைகளில் வளர்ந்த சொற்களும் உண்டு. ஆங்கிலத்தின் ‘பக்கர்’, பிரெஞ்சின் ‘பூக்ர்’ இரண்டுக்கும் மூலம் பல்கேரியர் என்னும் பெயர். இடைக்காலத்தில் அந்தப் பக்கத்தில் பரவிய பொகோமில் மதப்பிரிவினரைத் திருச்சபை விரோதிகள் என்று ஒதுக்கியவர்கள், இயற்கைக்கு மாறான பழக்கம் உள்ளவர்கள் என்றும் பழித்தார்கள். அந்தப் பழி ஆங்கிலச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு சட்டப் புத்தகம்வரை போனது. பிரெஞ்சுச் சொல் காலப்போக்கில் சாதுவாகி, பாவப்பட்ட மனுஷன் என்று இரக்கப்படும் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. ‘பாஸ்டர்ட்’ கதையும் இதுவே. பாரிஸ் ரொட்டிக்கடையில் ‘பத்தார்’ கேட்டால் நடுத்தர அளவு ரொட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்கள். பழைய மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கில ‘பாஸ்டர்ட்’டுக்கு அந்தச் சொல்லைப் போடாமல் ‘சலோ’ என்று போட்டது சரியான முடிவு. ‘சலோ’வின் வேர் அழுக்கு. பிறப்பில் குறை சொன்ன வசவு நடத்தையில் குறை சொல்லும் வசவாக மாறியது. எடை மட்டும் பிசகவில்லை. இன்று நிலைமை வேறு. புறநகர் இளைஞர்கள் வாயில் ‘பத்தார்’ மறுபடி கூர்மையாகிவிட்டது. அதனால் 40 வயது வெள்ளைக்காரக் கதாபாத்திரத்துக்கு ஒரு சொல், 17 வயதுப் பையனுக்கு இன்னொரு சொல் என்று பிரித்துப் போட வேண்டியிருக்கிறது.

இனி ‘கோன்’. தமிழில் கோன் என்றால் அரசன். பிரெஞ்சில் மூக்கொலியோடு சொல்லும் ‘கோன்’ பெண்ணுறுப்பின் பழைய பெயர். அதே பொருளுள்ள ஆங்கிலச் சொல்லை இங்கிலாந்தில் வீட்டுக்குள் யாராவது சொன்னால் சாப்பாட்டு மேசை உறைந்துபோகும். பிரெஞ்சிலோ அது முட்டாள் என்பதற்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். பேராசிரியர்களும் அமைச்சர்களும் சொல்வார்கள். 1998இல் ஃபிரான்சிஸ் வெபர் எடுத்த ‘லெ தினே த கோன்’ என்ற நகைச்சுவைப் படத்தின் பெயரிலேயே அது இருந்தது. சுவரொட்டியைக் கிழிக்க யாரும் வரவில்லை. அதை 2010இல் அமெரிக்கர்கள் மறுபடி எடுத்தபோது, ‘ஷ்மக்’ என்ற இத்திஷ் மொழிச் சொல்லைத் தலைப்பில் வைத்தார்கள். அது ஆணுறுப்பின் பெயர். நியூயார்க்கில் அதுவும் முட்டாளையே குறிக்கும். உறுப்பு மாறியது, எடை மாறவில்லை. பெயர் தெரியாத அந்த விளம்பரக்காரர் எவராக இருந்தாலும், நான் பார்த்த நல்ல மொழிபெயர்ப்பாளர்களில் அவரும் ஒருவர்.

ஆங்கிலத் தெருமொழி பிரெஞ்சுக்குள் வெள்ளமாக இறங்கியது 1945இல். கலிமார் பதிப்பகத்தில் மார்செல் துயமேல் ‘செரி நுவார்’ என்ற வரிசையைத் தொடங்கினார். கறுப்பு அட்டை, மஞ்சள் எழுத்து. பீட்டர் செய்னி, ஜேம்ஸ் ஹாட்லி சேஸ் போன்றவர்களின் துப்பறியும் நாவல்கள் முதலில் வந்தன. அமெரிக்கர்களான ஹாமெட்டும் சாண்ட்லரும் தொடர்ந்தார்கள். அமெரிக்க ரவுடியின் பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் பாரிஸ் ரவுடியின் குழூஉக்குறியைக் கடன் வாங்கினார்கள். லாஸ் ஏஞ்சலீஸ் போலீஸ்காரன் பாரிஸின் பிகால் சந்தில் வளர்ந்தவன்போலப் பேசினான். பக்க அளவு முன்கூட்டியே முடிவானது என்பதால் நாவல்களை வெட்டினார்கள். சாண்ட்லரின் ‘தி லாங் குட்பை’ 1954இல் ‘ஒரு நவாஹாக் கத்தியின் ராகத்தில்’ என்னும்படியான தலைப்போடு, குறைந்த உடம்போடு வந்தது. வர்ணனைகள் போயின, வசவு தங்கியது, பல இடங்களில் மூலத்தைவிடக் காரமாக. ஏனென்றால் அமெரிக்க மூலத்திலேயே கை கட்டப்பட்டிருந்தது. 1930களில் நியூயார்க் பதிப்பாளர் அச்சிட அஞ்சிய சொற்கள் பல. பிரெஞ்சுக்காரர்கள் அந்த வெற்றிடத்தைத் தங்கள் சரக்கால் நிரப்பினார்கள்.

இந்தக் கூட்டத்தில் மிகப் பெரிய குறும்பர் போரிஸ் வியான். சாண்ட்லரின் ‘தி பிக் ஸ்லீப்’ நாவலைப் பிரெஞ்சில் தந்தவர் அவர். அதற்கு முன்பே, 1946இல், ‘உங்கள் கல்லறைகள்மீது துப்புவேன்’ என்ற நாவலை வெளியிட்டார். மூல ஆசிரியர் வெர்னன் சல்லிவன் என்ற கறுப்பின அமெரிக்கர், மொழிபெயர்த்தது போரிஸ் வியான் என்று அட்டை சொன்னது. சல்லிவன் என்று ஒருவர் இல்லவே இல்லை. எல்லாம் வியான் எழுதியது. புத்தகம் பிரமாதமாக விற்றது, வழக்குப் போட்டார்கள், 1949இல் தடையும் வந்தது. இடையில் மூலம் எங்கே என்ற கேள்வி எழுந்தபோது, இல்லாத அந்த ஆங்கில மூலத்தையும் தயார்செய்து 1948இல் வெளியிட்டார்கள். இதில் எனக்குச் சுவை தருவது மோசடி அல்ல. வியானின் வாசகர்கள் அமெரிக்க வசவைக் கேட்டறியாதவர்கள். செரி நுவார் பாணியில் வந்த பிரெஞ்சை மட்டும் படித்தவர்கள். அந்தப் பிரெஞ்சைச் சரியாகப் போலி செய்தாலே அமெரிக்கா வந்துவிட்டதாக நம்பினார்கள். மொழிபெயர்ப்பு நடை என்று ஒன்று தனியாக உருவாகிவிட்டால், அதற்கு மூலமே வேண்டியதில்லை.

குழூஉக்குறி சீக்கிரம் நரைக்கும். 1950களின் பாரிஸ் ரவுடிப் பேச்சை இன்று படிக்கும் பிரெஞ்சு இளைஞனுக்குத் தாத்தாவின் தொப்பி நினைவுக்கு வருகிறது. மூலமான ஹாமெட் இன்றும் வறண்டு, விறைப்பாக நிற்கிறார். அதனால் பியேர் போந்தீலும் நத்தலி பெனாவும் அவர் நாவல்களைப் புதிதாக மொழிபெயர்த்தார்கள்; ‘ரெட் ஹார்வெஸ்ட்’ 2009இல் மறுபிறவி எடுத்தது. ‘தி கேட்சர் இன் தி ரை’ நாவலுக்கும் இதுவே நடந்தது: 1953இல் சபாஸ்தியன் ஜாப்ரிசோ, 1986இல் அன்னி சோமோன். 16 வயதுப் பையனின் வாய் ஒவ்வொரு தலைமுறைக்கும் வேறு.

ஹாமெட்டிடம் ஒரு சொல் இருக்கிறது. எந்த மொழிபெயர்ப்பாளரையும் தூங்கவிடாது. ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ கதையில் துப்பறியும் ஸ்பேட், துப்பாக்கியோடு திரியும் பையன் வில்மரை ‘கன்செல்’ என்கிறான். கதையை முதலில் வெளியிட்ட பத்திரிகையின் ஆசிரியர் ஆபாசத்தை விடாமல் வெட்டுபவர். ‘கன்’ என்று தொடங்குகிறதே, துப்பாக்கிக்காரன் போலும் என்று நினைத்து விட்டுவிட்டார். உண்மையில் அது வாத்துக்குஞ்சைக் குறிக்கும் இத்திஷ் சொல்லிலிருந்து வந்து, நாடோடிகள் வழக்கில் ஆண்களின் காமத்துக்கு ஆட்பட்ட பையனைக் குறித்தது. வேடிக்கை என்னவென்றால், அதன்பின் அமெரிக்கர்கள் பலரும் அந்தப் பத்திரிகை ஆசிரியரின் புரிதலையே பின்பற்றி, கூலிக்குச் சுடுபவன் என்ற பொருளில் எழுதத் தொடங்கினார்கள். பிரெஞ்சில் ‘ஷிதோன்’ என்ற நேர்ச்சொல் உண்டு. அதைப் போட்டால் பொருள் முழுதாக வரும். ஆனால் எல்லாருக்கும் புரிந்துவிடும். காவலாளியின் கண்ணெதிரே கடத்திய சரக்கு என்பதுதான் அந்தச் சொல்லின் உயிர். அது பிரெஞ்சில் வராது. வராது என்று ஒப்புக்கொள்வதே நேர்மை.

திரைக்கு வருகிறேன். டப்பிங் செய்பவருக்குப் பொருளோடு உதடும் எசமானன். பிரெஞ்சு டப்பிங் கூடங்களில் படத்துக்குக் கீழே வசனம் எழுதிய பட்டை ஓடிக்கொண்டே இருக்கும். நடிகர் அதைப் பார்த்து வாயசைவோடு சேர்த்துப் பேசுவார். ஆங்கிலத்தின் அந்தப் புகழ்பெற்ற நான்கெழுத்துச் சொல் மேற்பல் கீழுதட்டில் படும் ஒலியில் தொடங்குகிறது. அண்மைக் காட்சியில் அது அப்பட்டமாகத் தெரியும். பிரெஞ்சில் ‘ஃபூத்ர்’ குடும்பம் கைகொடுக்கும். அதே சொல் பெயரடையாக ஒரு வாக்கியத்தில் ஐந்து முறை வந்தால்? பழையவர்கள் ‘சக்ரே’, ‘சத்தானே’ என்று மதச் சாயல் கொண்ட சாதுச் சொற்களைப் போட்டார்கள். இப்போது எங்கும் ‘ப்யூத்தேன் த’. இது இறக்குமதி அல்ல; பாடகர் பிரசான்ஸ் 1950களிலேயே பாட்டுக்குத் தலைப்பாக வைத்திருக்கிறார். ஆனால் ஆங்கிலச் சொல் வரும் இடமெல்லாம் தவறாமல் இதை வைப்பது டப்பிங்கின் சோம்பல். பிரெஞ்சுக்காரன் கோபத்தில் அதைத் தனியாக, வாக்கியத்துக்கு முன்னால் வைத்துப் பெருமூச்சுபோல விடுவான். பெயருக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்க மாட்டான். சப்டைட்டிலில் வேறு சிக்கல். வரிக்கு ஏறத்தாழ 40 எழுத்து. அச்சில் பார்க்கும் கெட்ட வார்த்தை காதில் கேட்பதைவிடக் கனமாகத் தெரியும். அதனால் ஐந்தில் இரண்டை வைத்து மூன்றை விடுகிறார்கள். அது கோழைத்தனம் அல்ல, கணக்கு.

கடல் கடந்த பிரெஞ்சு, வேறு பிரெஞ்சு. கியூபெக்கில் உச்ச வசவுகள் கோயில் சாமான்களின் பெயர்கள்: ‘தபர்னாக்’ நற்கருணைப் பேழை, ‘காலிஸ்’ திருக்கிண்ணம், ‘ஓஸ்தி’ அப்பம். திருச்சபை வாழ்க்கை முழுதையும் பிடித்து வைத்திருந்த ஊரில் உடலைவிடப் பலிபீடமே தொடக்கூடாதது; தொடக்கூடாததுதான் வசவாகும். 1960களுக்குப் பிறகு கோயில்கள் காலியாயின, வசவுகள் தங்கிவிட்டன. பாரிஸில் நின்று ‘தபர்னாக்’ என்று கத்தினால் சிரிப்பார்கள். ஆயினும் கியூபெக்கில் செய்யும் டப்பிங் பெரும்பாலும் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத பொதுப் பிரெஞ்சில் இருக்கிறது. விதிவிலக்கு 1977இல் வந்த ‘ஸ்லாப் ஷாட்’ என்ற ஹாக்கிப் படம். அதை உள்ளூர்க் கொச்சையிலேயே பேசவிட்டார்கள். அந்த வசனங்களை இன்றும் அங்கே மனப்பாடமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்னும் ஒன்று, இது இலக்கணம். ஆங்கிலத்தில் ‘யூ’ ஒன்றுதான். பிரெஞ்சில் நீ, நீங்கள் இரண்டும் உண்டு, நம்மைப்போல. ஆங்கிலத்தில் மேலதிகாரியைத் திட்டிவிட்டு வெளியேறும் எழுத்தரைப் பிரெஞ்சில் எழுதுபவர், வசவுக்கு முன் அவர் எந்தக் கணத்தில் ‘நீங்க’ளை விட்டு ‘நீ’க்கு இறங்கினார் என்று முடிவு செய்ய வேண்டும். சில நேரம் அந்த இறக்கமே போதும், வசவு வேண்டியதில்லை.

அந்த ‘நீ’க்கு ஒரு சான்று: 2008 பிப்ரவரியில் பாரிஸ் விவசாயக் கண்காட்சியில் ஒருவர் குடியரசுத் தலைவர் சர்கோசியின் கையைத் தொட மறுத்தார். ‘கஸ் துவா, போவ் கோன்’ என்றார் தலைவர். ஆங்கிலப் பத்திரிகைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக மொழிபெயர்த்தன. முட்டாள் என்றார்கள், அதைவிடக் கடுமையாகவும் எழுதினார்கள். ‘கோன்’ எவ்வளவு கெட்ட சொல் என்று வாதம் நடந்தது. ஆனால் அந்த வாக்கியத்தில் சுட்டது ‘துவா’. நாட்டின் தலைவர் முன்பின் தெரியாத குடிமகனை ‘நீ’ என்று விளித்துப் போகச் சொன்னது ஆங்கிலத்தில் வர இடமே இல்லை. சில மாதம் கழித்து அதே சொற்களை அட்டையில் எழுதி, தலைவரின் கார் வரும் வழியில் காட்டியவருக்கு 30 யூரோ அபராதம் விதித்து நிறுத்திவைத்தார்கள். 2013 மார்ச்சில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது பேச்சுரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் குடியரசுத் தலைவரை இழிவுபடுத்தும் குற்றம் 1881 சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது.

இங்கே பிரெஞ்சு படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழுக்கு வந்த பிரெஞ்சு நாவல்கள் பலவும் ஆங்கிலம் வழியாக வந்தவை. அப்படி வரும்போது ‘நீ’யும் ‘நீங்க’ளும் ஆங்கிலத்தில் தொலைந்து, நம் மொழிபெயர்ப்பாளர் அவற்றை மறுபடி ஊகிக்கிறார்; வசவு இரண்டு முறை எடை போடப்பட்டு இரண்டு முறையும் குறைகிறது. வெ. ஸ்ரீராம் காம்யுவின் ‘அந்நியன்’ நாவலை நேராகப் பிரெஞ்சிலிருந்து தந்தார். நீங்களும் நேராகப் போங்கள். அதற்குமுன் திட்டத் தெரிந்த பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் கொஞ்ச நாள் பழகிவிட்டுப் போங்கள்.